புதுப்பிப்பு: முன்கண்ணாடிக்கு டின்ட் வேண்டாம், நிறமில்லாத பிலிம் போதும் என்று முடிவெடுத்தேன்

காரின் முன்கண்ணாடிக்குக் கறுப்பு டின்ட் போடலாமா, நிறமில்லாத பிலிம் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடைசியில் நிறமில்லாத செராமிக் பிலிம்தான் (பீங்கான் வகை நுண்துகள்கள் கலந்த பிலிம்) ஒட்டினேன்.

முடிவைத் தீர்மானித்தது ஒரு சின்னக் கணக்கு. என் கண்ணாடி தனியாகவே 78 சதவீத ஒளியைத்தான் உள்ளே விடுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தோம். அதன்மேல் 50 சதவீத ஒளியை மட்டும் விடும் டின்ட் ஒட்டினால் இரண்டையும் பெருக்க வேண்டும், மிஞ்சுவது 39. மழை இரவில் விளக்கில்லாத சைக்கிள் ஒன்று எதிரே வந்தால்? நினைக்கவே பயமாக இருந்தது. 90 சதவீத ஒளியை விடும் பிலிம் போட்டதில் எனக்கு 70 நிற்கிறது. பல நாடுகளில் சட்டம் கேட்பது குறைந்தது 70 அல்லது 75, எனவே முதலில் உங்கள் விதியைப் பாருங்கள்.

புற ஊதாக்கதிருக்காகப் பணம் செலவழிக்காதீர்கள். முன்கண்ணாடியின் இரு அடுக்குகளுக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக் படலமே அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பிலிம் குறைப்பது அகச்சிவப்பு வெப்பத்தை. ஓட்டும்போது கையில் சுள்ளென்று அடித்த வெயில் இப்போது நன்றாகவே தணிந்திருக்கிறது. ஆனால் வெயிலில் நிறுத்தி வைத்தால் உள்ளே பழையபடி கொதிக்கிறது; மடக்கும் மறைப்பு இன்னும் தேவை.

அப்புறம், உலோகம் கலந்த பிலிமைத் தவிர்த்தேன், அது ஜிபிஎஸ் சிக்னலைக் கெடுக்கலாம். முதல் வாரம் தெரிந்த நீர்க்குமிழ்கள் தானாகவே காய்ந்து போய்விட்டன.