கிராவல் பைக்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் முடிவு வேண்டும்)

பேர்ன், மொழிபெயர்ப்பாளர்

குழுமத்தாருக்கு வணக்கம். சுவிஸ் யூராவில் ஃபிரான்ஷ் மொன்தாஞ் மேட்டுநிலத்துச் சைக்கிள் வழிகளுக்கு நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். இங்கே வளரும் பிள்ளைகளும் தாய்தகப்பனும் சேர்ந்து வாசிக்க வேண்டியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

வழி இதுதான்: செஞ்ஞலெஜியேயில் தொடங்கி, கிரூயேர் சதுப்புக் குளத்தருகே ட்ராமலான், அங்கிருந்து ஏறி மோன் குரோசான், மோன் சொலே, பிறகு ல நுவார்மோன் வழியாகத் திரும்புதல். தாரும் மண்ணும் புல்லும் மாறி மாறி வரும். முட்டுகிற சொற்கள் நான்கு: கிராவல் பைக் (தாரிலும் கல்மண் வழியிலும் ஓடும் அகல டயர் சைக்கிள்), ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத டயர்), ஊசியிலை மரங்கள் ஆங்காங்கே நிற்கும் மேய்ச்சல் நிலம், மாடு தாண்டாதிருக்கச் சாலைக்குக் குறுக்கே பதிக்கும் குழாய்க் கிராதி.

கோவை

சரளை மிதிவண்டி. ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. ‘சரளை வண்டி’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள். எங்கள் ஊரில் அது லோடு அடிக்கும் டிப்பர்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி சொல்வது சரி. காரணத்தையும் சொல்லிவிடலாம். ‘சரளையை ஏற்றிய வண்டி’ என்றால் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ‘சரளையில் ஓடும் வண்டி’ என்றால் ஏழாம் வேற்றுமைக்கு அதே தொகை. வருமொழி வகரமாக இருப்பதால் சந்தியும் காட்டிக்கொடுக்காது. ‘மிதி’ நடுவில் வந்ததும் டிப்பர் ஒழிந்தது.

ஆனால் சரளையின் வேர் என்ன? ‘சரளமாக’ என்பதோடு சேர்த்து வடசொல் என்று தள்ளிவிடுகிறார்கள். மலையாளத்தில் இன்றும் ‘சரல்’ என்றால் பருக்கைக்கல். மிதித்தால் ‘சரசர’ என்னும் ஒலியிலிருந்தே சரல், சரள், சரளை என்று வளர்ந்தது என்பது என் கட்சி. சருகும் அந்தக் குடும்பம்தான். சாரலையும் இதில் சேர்க்கலாமா என்று நெடுநாளாக ஒரு யோசனை உண்டு…

யாழ்ப்பாணம்

சாரல் இருக்கட்டும் ஐயா. கையேட்டை வாசிக்கப்போகிறவர்கள் எங்கட சனம். எங்களுக்கு அது ‘கிறவல்’. வீதி அபிவிருத்திப் பலகையிலேயே ‘கிறவல் வீதி’ என்றுதான் எழுதுவார்கள். சைக்கிளுக்கு சுவிஸில் எல்லாரும் ‘வெலோ’ என்கிறார்கள். ‘கிறவல் வெலோ’ என்று போட்டால் ஒருவரும் அகராதி தேடமாட்டார்கள்.

சூரிச், சைக்கிள் ஓட்டுபவர்

கிறவல் என்றதும் கண்ணில் வருவது செம்மண் கலந்த சிவப்புக் கல். யூராவில் இருப்பது வெள்ளைச் சுண்ணாம்புக் கல். ஜெர்மன் பேசுகிறவர்கள் ‘மெர்கெல்’ என்னும் களிச்சுண்ணாம்புப் பொடியைக் கொட்டி உருளையால் அழுத்துவார்கள். காய்ந்தால் சிமெந்துபோல் இறுகும். மழை பெய்தால் மேல்தோல் மாவாகிச் சங்கிலியில் அப்பும். பிரேக் கட்டையை அரைத்துத் தள்ளும். டூ ஆற்றங்கரையிலுள்ள கூமுவாவுக்கு இறங்குகிற கிளைவழியையும் சேர்ப்பதாக இருந்தால் இதைக் கட்டாயம் எழுதுங்கள். மேட்டுநிலம் ஏறத்தாழ 1,000 மீட்டர், கூமுவா 500 மீட்டர் அளவில். அந்த ஈர இறக்கத்தில் மென்மையான ஆர்கானிக் கட்டை சீக்கிரம் தேயும். உலோகத்தூள் கட்டை தாங்கும்.

டயருக்கும் ஒரு பந்தி தேவை. 40 முதல் 45 மில்லிமீட்டர் அகலம். 75 கிலோ எடையுள்ளவர் 42 மி.மீ. ட்யூப்லெஸ் டயரில் காற்றழுத்தம் முன்னே 2.0 பார், பின்னே 2.2 பாரில் தொடங்கிப் பார்க்கலாம். காற்றுக் கூடினால் தளர்கல் வளைவில் முன்சக்கரம் வழுக்கும். குறைந்தால் கல் ரிம்மில் இடிக்கும். ஒரு டயருக்கு 60 மில்லிலீட்டர் அளவு அடைப்புப் பால் ஊற்ற வேண்டும். அது சில மாதத்தில் காய்ந்து வால்வு ஊசியில் கட்டிக்கொள்ளும்; காற்று ஏறாவிட்டால் முதலில் ஊசியைக் கழற்றிப் பாருங்கள். முள் குத்தினால் பால் அடைக்கும். சுண்ணாம்புக் கல் பக்கச்சுவரைக் கிழித்தால் அடைக்காது. உள்ளே ஒட்டுத் துண்டு வைத்து ட்யூப் போட்டுத்தான் வீடு வரலாம். ஆகவே பையில் ஒரு ட்யூப் எப்போதும் வேண்டும். தண்ணீரையும் நிரப்பிக்கொண்டு கிளம்பச் சொல்லுங்கள். சுண்ணாம்பு நிலம் மழையை உறிஞ்சிவிடும். மேலே ஓடை குறைவு.

கிராதியைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். அதன்மேல் கைப்பிடியைத் திருப்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. ஈரக் குழாய் சோப்புக்கட்டி.

சென்னை

இத்தனை விவரம் தெரிந்தவர்கள் ‘கிறவல்’ என்று எழுதலாமா? பருக்கைக்கல் நிறைந்த மேட்டுநிலத்துக்கு ‘முரம்பு’ என்று சங்கப் பாட்டில் சொல் கிடக்கிறது. முரம்பில் புதுவழி போட்டுத் தேரை விரட்டிய பாகனும் அங்கே இருக்கிறான். அவனைவிடப் பொருத்தமான முன்னோடி வேறு யார்? ‘முரம்புருளி’ என்போம். மரங்கலந்த மேய்ச்சல் நிலத்துக்குப் ‘புறவு’. ட்யூப்லெஸ் ‘குழலிலி’.

கோவை

குழல் என்றால் கூந்தலும்தானே. ‘குழலிலிச் சக்கரம்’ என்றால் மொட்டையடித்துக்கொண்ட சக்கரமா?

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நகைப்பு ஒருபுறம். ‘இலி’ பெரும்பாலும் ஆளைக் குறிக்கவே வந்து பழகியது: அறிவிலி, நாணிலி. சக்கரத்துக்கு ‘உட்குழாயற்ற’ போதும். ‘புறவு’ எனக்கும் பிடிக்கிறது, ஆனால் பொருத்தமில்லை. அது முல்லைநிலம் முழுவதையும் தழுவும். யூராவில் குதிரையும் மாடும் மரங்களுக்கிடையே அவிழ்த்துவிட்டபடி மேய்கின்றனவாமே. ‘மரமேய்ச்சல்’ என்றால் மரத்தையே மேய்வதாகிவிடும். ‘மரஞ்செறி மேய்ச்சல்’ என்றால் அடர்காடு. ‘மரத்திடை மேய்ச்சல்’?

சூரிச், சைக்கிள் ஓட்டுபவர்

‘காட்டு மேய்ச்சல்’ என்று விட்டுவிடலாமே. அதைவிட முக்கியம் பலகைகள். சிவப்புப் பலகையில் வெளிர்நீலக் கட்டம் சைக்கிள் வழி. ஓரிலக்க எண் நாடு தழுவியது: 7 என்பது பாசலிலிருந்து நியோன் வரை போகும் யூரா வழி. ஈரிலக்கம் வட்டாரம், மூவிலக்கம் உள்ளூர். மஞ்சள் பலகை நடப்பவர்களுக்கு. வெள்ளை வட்டத்துக்குச் சிவப்பு விளிம்பு மட்டும் இருந்தால் சைக்கிளுக்கும் தடை; உள்ளே காரும் மோட்டார் சைக்கிளும் வரைந்திருந்தால் சைக்கிள் போகலாம். இரண்டையும் ‘வாகனத் தடை’ என்று ஒரே சொல்லால் தமிழாக்கினால் பிள்ளை தண்டம் கட்டும். கிரூயேர் குளத்தைச் சுற்றிய பாதை நடக்கிறவர்களுக்கு. வெலோவை வெளியே நிறுத்தச் சொல்லுங்கள்.

இவ்வளவு மண்வழி எஞ்சியிருப்பதற்கு 1985ஆம் ஆண்டு நடைபாதைச் சட்டமும் ஒரு காரணம். நடைவழியின் நீண்ட பகுதியில், நடப்பவர்களுக்கு ஒவ்வாத தளம் போட்டால் மாற்றுவழி கொடுக்க வேண்டும். நாம் ஓட்டுவது பாதி அவர்கள் தயவில்.

பேர்ன், மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. நாளை காலை அனுப்பியாக வேண்டும். தலைப்பில் ‘சரளை மிதிவண்டி’. முதல் பந்தியில் ஒரே ஒருமுறை ‘கிறவல் வெலோ என்று நாம் சொல்வது’ என்று சேர்க்கிறேன். மெர்கெல் ‘சுண்ணாம்புச் சரளை’. ட்யூப்லெஸ் அப்படியே, கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருள். காட்டு மேய்ச்சல், மாட்டுக் கிராதி. தடைப் பலகை இரண்டுக்கும் படமே போடுகிறேன்.

யாழ்ப்பாணம்

பெரும்பான்மை சரளை என்றால் சரி. தலைப்பை வாசித்துவிட்டு ‘அது என்ன வெலோ?’ என்று கேட்கிற தகப்பனுக்கு முதல் பந்தி வரை பொறுமை இருக்குமா என்பதுதான் என் கேள்வி.

சென்னை

முரம்புருளியை யாரும் மறுக்கவில்லை, கடந்து போய்விட்டார்கள். அடுத்த பதிப்புக்கு மீண்டும் முன்வைப்பேன். மதுரை ஐயா, சாரல் பற்றித் தனி இழை தொடங்குங்கள். மலைச்சரிவையும் சாரல் என்கிறோமே, அது எப்படி ஒலியிலிருந்து வரும்?