உப்புக் காற்றில் அரிக்கும் பின் மட்கார்டு: என்ன செய்யலாம்?

வணக்கம். என் பைக்கின் பின் மட்கார்டு உள்பக்கமாகவே அரித்துக்கொண்டு போகிறது. 2015 மாடல், 100 சிசி, தகர மட்கார்டு. ஊர் தூத்துக்குடி, தினமும் உப்பளச் சாலையில்தான் போக்குவரத்து.

போன மழைக்காலம் முடிந்ததும் சீட்டுக்குக் கீழே போல்ட் மாட்டும் இடத்தில் பொரிப்பொரியாகத் துரு தெரிந்தது. இப்போது ஓட்டை பெரிதாகி, வேகத்தடையில் ஏறினால் கடகடவென்று ஆடுகிறது. டெயில் லைட்டும் நம்பர் பிளேட்டும் அதில்தானே தொங்குகின்றன, அதுதான் பயம். ஓரத்து மடிப்பில் விரலை விட்டால் ஈர மண் அப்பிக் கிடக்கிறது. எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் முழுதாக வருவதில்லை.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) பூசி, மேலே பெயின்ட் அடித்தேன். சில வாரத்தில் மறுபடி கொப்புளம். பெரிய வாஷர் போட்டு இறுக்கியும் நிற்கவில்லை. தகடு மெலிந்துவிட்டது, பற்றவைத்தால் பொத்துக்கொள்ளும் என்று வெல்டிங் பட்டறையில் சொல்லிவிட்டார்கள். அப்புறம் எபாக்சிப் பசை வைத்துப் பார்த்தேன். அதிர்வில் பெயர்ந்து வந்துவிட்டது.

சரி, மாற்றத்தான் வேண்டும். கடலோர ஊர்களில் வண்டி ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்: புதுத் தகர மட்கார்டு வாங்கி, மாட்டுவதற்கு முன்பே உள்பக்கம் முழுக்க அண்டர்பாடி கோட்டிங் (வண்டியின் அடிப்பக்கத்துக்கு அடிக்கும் துருத்தடுப்புப் பூச்சு) அடித்தால் உப்புக்குத் தாங்குமா, இல்லை பிளாஸ்டிக்குக்கே போய்விடலாமா?