புதுப்பிப்பு: ரெகுலேட்டரின் முதல் நிலைக்குள் உப்பு நீர் புகுந்த விடயம்

பாசிக்குடாவில் சுழியோடிய பின் எனது ரெகுலேட்டரின் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துச் சுவாசிக்கத் தரும் கருவி) முதல் நிலையில், அதாவது சிலிண்டரில் பூட்டும் பகுதியில், காற்று நுழையும் உள்வாயின் வடிகட்டி பச்சை பூத்திருந்தது பற்றி முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

ரெகுலேட்டரைச் சிலிண்டரில் பூட்டி, சிலிண்டர் வால்வைத் திறந்து, காற்றழுத்தம் நிற்கும்போதே நன்னீரில் ஊறவைக்கச் சொன்ன யோசனையே பலித்தது (கரையோரக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் குழாய் நீரே நல்லது). உள்ளே அழுத்தம் இருக்கையில் பர்ஜ் பொத்தானை (வாயில் வைக்கும் பகுதியில் காற்றைப் பீறிட வைக்கும் பொத்தான்) தயக்கமின்றி அழுத்தலாம். சிலிண்டரின்றிக் கழுவும்போது அதை அழுத்தினாலோ, வாயில் வைக்கும் பகுதியின் உள் வால்வு திறந்து, நீர் ரெகுலேட்டரின் குழாய் வழியே முதல் நிலை வரை சென்றுவிடும். பழுதுபார்ப்பவர் வடிகட்டியை மாற்றிய பின் பச்சை மீண்டும் தோன்றவில்லை.

எதிர்பாராதது, உள்வாயை மூடும் தூசி மூடியின் ரப்பர் வளையத்தில் இருந்த மெல்லிய வெடிப்பு. மூடி இறுக்கமாகத் தெரிந்தாலும் அதனூடாகவும் நீர் கசியக்கூடும் என்பதால் வளையத்தையும் மாற்றினேன். மூடியைக் காற்றால் ஊதி உலர்த்துவதைவிடத் துணியால் துடைப்பதே எனக்குச் சரியாகப்படுகிறது, ஏனெனில் ஊதும்போது துளிகள் வடிகட்டியின் மேலேயே தெறிக்கலாம்.