விபத்து இழப்பீடு: திண்டுக்கல், மதுரை பக்கம் உள்ள வழக்கறிஞர்கள் வழிகாட்டுங்கள்

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். என் தங்கச்சி வீட்டுக்காரர் நத்தம் ரோட்டில் லாரி மோதி இறந்துவிட்டார். வயது 38, மரவேலை ஆசாரி. இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா, எல்லோரும் அவர் கூலியை நம்பித்தான் இருந்தார்கள்.

எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, லாரியின் இன்சூரன்ஸ் நகல் கையில் இருக்கின்றன. சிக்கல் வேறு. பிணவறை வாசலிலேயே ஒரு புரோக்கர் வந்து, அழுதுகொண்டிருந்த தங்கச்சியிடம் வெற்று வக்காலத்தில் (வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் படிவம்) கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் போய் இப்படிச் செய்ய எப்படித்தான் மனசு வந்ததோ! இப்போது போனும் எடுப்பதில்லை. 2022 ஏப்ரலில் அமலான மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பதால் பயமாக இருக்கிறது. அந்த வக்காலத்தை ரத்து செய்து வேறு வக்கீல் வைப்பது எப்படி?

அப்புறம் வருமானச் சான்று. சம்பளச் சீட்டு கிடையாது. அவர் பென்சிலில் எழுதிய அளவு நோட்டு இருக்கிறது. கதவு, ஜன்னல் அளவுக்குப் பக்கத்திலேயே வாங்கிய முன்பணமும் குறித்திருக்கிறார். ஜிபே வரவும் உண்டு. இவை தீர்ப்பாயத்தில் எடுபடுமா? சொந்தத் தொழில் செய்பவர் 40 வயதுக்குள் இறந்தால் எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடிப்படை வருமானத்தையே குறைத்துப் போட்டால் அதில் என்ன மிஞ்சும்?

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் தருவார்கள், 15100க்குக் கூப்பிடலாம் என்றார்கள். அங்கே விபத்து வழக்கு நடத்தியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். நம்பகமான வக்கீல் தெரிந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள்.