புவிமுளை: எர்த் ராடுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மின்கசிவை மண்ணுக்குள் கடத்துவதற்காக நிலத்தில் இறக்கும் உலோகத் தண்டு எர்த் ராடு. அதற்குத் தமிழில் 'புவிக்கம்பி' என்னும் சொல் நம் சொல்லாக்க உரையாடலில் முன்மொழியப்பட்டது. அச்சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. மின்பணியாளர் 'எர்த் கம்பி' என்னும்போது பெரும்பாலும் பிளக்கின் பெரிய முனையிலிருந்து புறப்படும் பச்சை ஒயரையே குறிக்கிறார். ஆகவே 'புவிக்கம்பி பழுது' என்று ஒருவர் எழுதினால், சுவருக்குள் ஓடும் ஒயர் அறுந்ததா, மண்ணுக்குள் இருக்கும் ராடு துருவேறி உதிர்ந்ததா என்பது விளங்காது. ஒயரின் அறுபடலை மல்டிமீட்டரால் கண்டுவிடலாம். ராடு மண்ணோடு கொண்ட தொடர்பை அளக்க எர்த் டெஸ்டர் வேண்டும்.

'புவி மின்வாய்' (எர்த் எலெக்ட்ரோடு) பிழையற்ற சொல்தான். ஆனால் அது தகடு, குழாய், ராடு ஆகிய மூன்றுக்கும் பொதுப்பெயர், அப்படியே இருக்கட்டும். ராடுக்கு மட்டும் 'புவிமுளை' என்று பரிந்துரைக்கிறேன். மாடு கட்ட நிலத்தில் அடிப்பது முளை. கயிறு வேறு, முளை வேறு என்பதில் நம் ஊரில் எவருக்கும் குழப்பம் இருந்ததில்லை. சொல்லோடு வினையும் சேர்ந்தே கிடைக்கிறது: முளையைப் புதைப்பதில்லை, அடிக்கிறோம். இந்த வேறுபாடு சொல்நயத்துக்காக மட்டும் அன்று. குழி தோண்டிக் கரியும் உப்பும் இட்டு மூடுவது வேறு முறை. அந்த உப்பு மழையில் கரைந்து போவதோடு இரும்பையும் அரிக்கிறது. கிளறாத மண்ணில் அடித்து இறக்கிய முளையையோ மண் சுற்றிலும் இறுகப் பற்றிக்கொள்கிறது.

முளை என்றால் தளிரும் ஆகுமே என்பார்கள். 'புவி' முன்னே நிற்கும்போது அந்த மயக்கம் எழாது என்பது என் கணிப்பு. 'ஆப்பு' என்ற பரிந்துரையை, இன்றைய பேச்சுவழக்கில் அதற்கு ஏறிவிட்ட பொருளை எண்ணி, தயங்காமல் மறுக்கிறேன்.

சொல் உரைநடையில் நிற்கிறதா என்று அறிய ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"புவிமுளையை அடிக்குமுன் அவ்விடத்தில் மின்கேபிளோ தண்ணீர்க் குழாயோ புதைந்துள்ளதா என்று உறுதிசெய்க. கட்டடத்திலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி, ஈரம் வற்றாத ஆழத்தை எட்டுமாறு அடிக்கவும். ஒரு முளை போதாதபோது, இரண்டாவதை முளையின் நீளத்தைப் போல் இருமடங்கு தொலைவில் அடிக்கவும். ஒயரைப் பூட்டுமுன் மெயின் சுவிட்சை அணைக்கவும். நியூட்ரலை ஒருபோதும் புவிமுளையோடு நீங்களே இணைக்காதீர்கள்."

படிப்பவர் எங்கும் இடறமாட்டார் என்றே நினைக்கிறேன். எர்த் இணைப்புக்கான இந்தியத் தர நெறிமுறையான ஐ.எஸ். 3043-ஐத் தமிழில் விளக்க முனைவோருக்கும் இச்சொற்கள் தேவைப்படும்.

இந்தப் பத்தியோடு ஒரு கணக்கையும் சேர்க்க விரும்புகிறேன். மண்ணின் தன்தடை (மின்னோட்டத்தை மண் எதிர்க்கும் அளவு) 100 ஓம்-மீட்டராக உள்ள இடத்தில், 16 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் கொண்ட ஒற்றை முளையின் தடை ஏறத்தாழ 40 ஓம் வரும். மின்கசிவு மண் வழியாக மட்டுமே திரும்பும் இணைப்பில், 230 வோல்ட்டுக்கு அதிகபட்சம் 6 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவே பாயும். அதற்கு, மின்னோட்டம் மிகும்போது சுற்றைத் துண்டிக்கும் எம்.சி.பி., 6 ஆம்பியர் அளவுடையதுகூட, விழாது, பழுதான கருவியின் உலோக உடலில் மின்னழுத்தம் அப்படியே நிற்கும். சிறு மின்கசிவையும் உணர்ந்து மின்சாரத்தை நிறுத்தும் துண்டிப்பானான 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இங்கே கட்டாயம் வேண்டும் என்பது இதனால்தான். 'எர்த் போட்டாயிற்று' என்ற ஒரே தொடர் ஒயர், முளை, துண்டிப்பான் மூன்றையும் மூடிமறைத்துவிடுகிறது; மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் கேட்பதற்கு எனக்கு இதைவிட வலுவான காரணம் தெரியவில்லை.

எஞ்சியிருப்பது, ஒயரை முளையின் தலையில் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப். 'முளைப்பூட்டு' என்று எழுதி, திறவுகோல் நினைவுக்கு வந்ததால் நீக்கிவிட்டேன். 'முளைப்பிடி' என்றால் கைப்பிடியோ என்று தோன்றுகிறது. பட்டறைகளில் வேறு சொல் வழங்கக் கேட்டவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.