மோட்டார் போட்டதும் சென்சார் 0 காட்டுகிறது: கோளாறு சர்க்யூட்டிலா, என் கட்டிங் பிளேயரிலா?

மொட்டைமாடி:

வணக்கம். ஒரு மாதமாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் மாடித் தொட்டி ஆயிரம் லிட்டர். அது நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரெல்லாம் பாசி. சண்டையே வந்துவிட்டது. அதனால் நிரம்பும்போது பஸ்ஸர் அடிக்கிற மாதிரி ஒன்று செய்தேன். ஆர்டுயினோ நானோ (புரோகிராம் ஏற்றி ஓட்டுகிற குட்டிப் போர்டு), தண்ணீர் புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு சின்ன டிஸ்பிளே. எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள். பெட்டியைத் தண்ணீர் ஏறும் பைப்பிலேயே கேபிள் டை போட்டுக் கட்டியிருக்கிறேன்.

மேசையில் வைத்தால் அருமையாக ஓடுகிறது. மாடியிலும் மோட்டார் ஓடாதவரை சரி. சென்சார் அளப்பது தனக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள தூரம்: தொட்டி காலியென்றால் 110 செ.மீ. பக்கம், நிறைந்தால் 30. மோட்டார் போட்டு மாடிக்குத் தண்ணீர் வர ஆரம்பித்ததும் 0 காட்டும். அப்புறம் 84, மறுபடி 0, 0, 83. குறைந்த எண் என்றால் தொட்டி நிறைந்துவிட்டது என்றுதானே புரோகிராம் எழுதியிருக்கிறேன், பஸ்ஸர் சும்மா சும்மா அலறுகிறது. நானோவை மாற்றினேன், சென்சாரை மாற்றினேன், அடாப்டரை மாற்றினேன். அதே கதை.

கைவசம் உள்ள டூல்: 25 வாட் சால்டரிங் அயன், அப்பாவின் கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர், சிவப்புப் பிடி போட்ட நிப்பர் (மெல்லிய ஒயரை ஒட்ட நறுக்குவது), மல்டிமீட்டர். பட்ஜெட் இரண்டாயிரம் ரூபாய். ஆஸிலோஸ்கோப் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கெபாசிட்டர்_காதலன்:

மோட்டார் நாய்ஸ், அதாவது மின் இரைச்சல். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சென்சார் போர்டின் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, கூடவே 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று போடுங்கள். தீர்ந்தது.

ஈயப்புகை:

கண்ணைத் திறந்துகொண்டே பார்ப்போமே.

நாய்ஸ் என்றால் எண் தாறுமாறாகக் குதிக்கும்: 84, 212, 19 என்று. இவருக்குச் சரியாக 0 வருகிறது. சென்சார் அனுப்பும் பல்ஸின் நீளத்தை அளக்கிற பல்ஸ்இன் என்கிற ஆர்டுயினோ ஃபங்க்ஷன், காத்திருக்கும் நேரத்துக்குள் பல்ஸே வராவிட்டால்தான் 0 திருப்பித் தரும். அதாவது சென்சாரிலிருந்து பதிலே வரவில்லை. டிஸ்பிளே அணைந்து எரிந்ததா? இல்லையென்றால் நானோவுக்குக் கரண்ட் ஒழுங்காகப் போகிறது. எனக்கு ஒயர் மேல்தான் சந்தேகம்.

மோட்டார் ஓடும்போது நாய்ஸும் உண்டு, அதிர்வும் உண்டு. தம்பி பெட்டியைக் கட்டியிருப்பது பைப்பில். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. மோட்டாரை அணைத்துவிட்டு, திருப்புளியின் பிடியால் பைப்பை லேசாகத் தட்டுங்கள். அப்போதும் 0 வந்தால் அது அதிர்வு. நூறு முறை தட்டியும் வராவிட்டால் நான் கெபாசிட்டர் கட்சியில் சேர்ந்துவிடுகிறேன்.

மொட்டைமாடி:

தட்டினேன் அண்ணா. மூன்றாவது தட்டிலேயே 0. மோட்டார் ஸ்விட்ச் ஆஃபில்தான் இருந்தது, இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். டிஸ்பிளே அணையவே இல்லை.

ஆனால் ஒயரெல்லாம் மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்த்தவைதான். நான்கும் பீப் அடித்தன.

ஈயப்புகை:

ஏழு இழையில் ஒன்றே ஒன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும். அது இணைப்பு இருக்கிறது என்று சொல்லுமே தவிர, நிலைக்குமா என்று சொல்லாது. மலிவான மீட்டரில் பீப் கொஞ்சம் தாமதமாக வேறு வரும். நொடியில் விட்டுப் பிடிக்கிற லூஸ் காண்டாக்ட் அதில் தெரியாது.

சென்சார் போர்டுக்கும் நானோவுக்கும் நடுவே உள்ள அந்த நான்கு ஒயரை யார் செய்தது? கடையில் வாங்கிய ஜம்பரா, சொந்தத் தயாரிப்பா? ஒவ்வொன்றையும் கனெக்டரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். பூ பறிக்கிற அளவு பலம் போதும்.

மொட்டைமாடி:

சொந்தத் தயாரிப்புதான். எக்கோ ஒயர் (சென்சாரின் பதில் வருவது) கையோடு வந்துவிட்டது. டிரிக்கர் ஒயர் (அளக்கச் சொல்லி நானோ சிக்னல் அனுப்புவது) பாதி வந்தது.

வெளியே வந்த நுனியை மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு இழை இருக்க வேண்டிய ஒயரில் மூன்றுதான் இருக்கிறது. மற்ற நான்கும் உறை முடிகிற இடத்திலேயே வெட்டுப்பட்டிருக்கின்றன. ஒயர் நுனியில் மாட்டுகிற டூபாண்ட் பின்னின் சிறகுகளை நோஸ் பிளேயரால் அமுக்கியிருந்தேன். அவை ஒயரைப் பிடிக்காமல் ஒன்றின்மேல் ஒன்று தட்டையாகப் படுத்திருக்கின்றன. முன்னால் உள்ள குட்டிச் சிறகு செம்பைத் தொடவே இல்லை, பிளாஸ்டிக் உறையைத்தான் கவ்வியிருக்கிறது.

உரித்தது எதனால் என்று கேட்பீர்கள். நகவெட்டி. அவசரத்துக்குப் பல்.

கெபாசிட்டர்_காதலன்:

சரி, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கெபாசிட்டர் போடுங்கள், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

ஈயப்புகை:

பல்லால் உரிக்காத எலக்ட்ரானிக்ஸ்காரன் உலகத்தில் இல்லை, கவலைப்படாதீர்கள். நான் இருபது வருடம் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன். முன்பல்லில் எனக்கு இன்னும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது.

உங்கள் இரண்டாயிரத்தில் முதலில் வாங்க வேண்டியது ஒயர் ஸ்ட்ரிப்பர். பின்னை ஒயரில் அமுக்கிப் பிடிக்க வைக்கிற கிரிம்பிங் டூலுக்கும் முன்னால். ஸ்ட்ரிப்பரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒரே ஒரு வி வெட்டு இருக்கும், ஒரு திருகை நகர்த்தி அளவு வைக்க வேண்டும். அந்தத் திருகு நாளடைவில் நழுவும், நழுவியது தெரியாமலே இழையை வெட்டிக்கொண்டிருப்போம். மற்றதில் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனித் துளை. துளை உள்ளதையே வாங்குங்கள். அதிலும் 20 முதல் 30 கேஜ் வரை உள்ளது (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்). வீட்டு ஒயரிங் செய்கிறவர்கள் வைத்திருக்கும் பெரிய ஸ்ட்ரிப்பர் இந்த வேலைக்கு உதவாது.

நீங்கள் வைத்திருப்பது அநேகமாகக் கடையில் 7/36 என்று கேட்டு வாங்குகிற ஒயர். பிரிட்டிஷ் கணக்கில் 36 கேஜ் இழை ஏழு. அது கிட்டத்தட்ட அமெரிக்கக் கணக்கான ஏடபிள்யூஜியில் 24. ஆனால் ஸ்ட்ரிப்பரில் 24 என்று போட்டிருக்கும் துளை ஒற்றைக் கம்பிக்கான அளவாக இருக்கலாம். இழை ஒயர் அதைவிடச் சற்றுத் தடிமன். அதனால் முதலில் 22 துளையில் உரித்துப் பாருங்கள். உறை வர மறுத்தால் மட்டும் 24-க்கு இறங்குங்கள்.

ஸ்ட்ரிப்பரின் வாயை மூடி, டூலைக் கால் சுற்று திருப்பி, பிறகு இழுக்க வேண்டும். மூடிய வேகத்தில் வெடுக்கென்று இழுத்தால் உறையோடு இழையும் வரும். டூபாண்ட் பின்னுக்கு இரண்டரை மி.மீ. அளவுக்கு உரித்தால் போதும். உரித்ததும் இழைகளை எண்ணுங்கள். ஏழு இல்லையென்றால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி. எண்ணுவது கிறுக்குத்தனமாகத் தெரியும். பத்து ஒயருக்கு அப்புறம் எண்ணவே தேவைப்படாது, செம்பில் பிளேடு பட்டால் கைக்கே ஒரு நறநறப்பு தெரிய ஆரம்பித்துவிடும்.

நாலு_காசு:

நான்கே நான்கு ஒயருக்குக் கிரிம்பர் வாங்குவது தண்டச் செலவு. கனெக்டரே வேண்டாம். ஒயரை நேராகப் போர்டில் சால்டர் செய்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சுருக்கி, பக்கத்திலேயே ஒரு கேபிள் டையால் ஒயரைப் பெட்டியோடு கட்டிவிடுங்கள். இழுப்பும் ஆட்டமும் கட்டின இடத்தோடு நிற்க வேண்டும், ஈயம் வரை போகக் கூடாது. நான் எல்லாவற்றையும் இப்படித்தான் செய்கிறேன்.

மொட்டைமாடி:

ஒரு குறுக்குக் கேள்வி. ஒயர் நுனியில் முதலில் ஈயம் பூசிவிட்டு, அதைப் பின்னுக்குள் வைத்து அமுக்கினால் கெட்டியாக நிற்காதா?

ஈயப்புகை:

நிற்காது. ஈயம் மெத்தென்ற உலோகம், அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்ல நகர்ந்து இடம் கொடுத்துவிடும். இன்று கெட்டியாக இருக்கிற பிடி சில மாதத்தில் தளரும். ஸ்க்ரூ டெர்மினலிலும் இதே கதைதான். இன்னொன்று, ஈயம் இழைகளுக்குள் ஏறி எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் ஒயர் விறைப்பாகிவிடும். உங்கள் பைப் மாதிரி ஆடுகிற இடத்தில் சரியாக அங்கேதான் முறியும். கிரிம்ப் என்றால் வெறும் செம்பு. சால்டர் என்றால் முழுக்க சால்டர்.

நாலு காசு சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, இந்த ஒரு பெட்டிக்கு அது போதும். ஆனால் சென்சார் கெட்டால் வெயிலில் மாடியில் நின்று அயன் பிடிக்க வேண்டுமே.

தாத்தாவின்_பட்டறை:

கிரிம்பர் வாங்குவதாக இருந்தால் எஸ்என்-28பி. ஆயிரத்துக்குக் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும். அது ராட்செட் வகை, முழுதாக அமுங்கும்வரை வாயைத் திறக்காது. பாதியில் கையை எடுத்துவிட்டுப் போதும் என்று நினைக்க வழியே இல்லை. (மாட்டிக்கொண்டால் பிடிகளுக்கு நடுவே ஒரு குட்டி நெம்பு இருக்கும், அதைத் தள்ளினால் விடும். இது தெரியாமல் முதல் நாள் சுத்தியலோடு நின்றேன்.)

பின்னில் இரண்டு ஜோடிச் சிறகு உண்டு. முன்னால் உள்ள சின்ன ஜோடி செம்புக்கு, பின்னால் உள்ள பெரிய ஜோடி உறைக்கு. டூலின் ஒரு தாடையில் பள்ளம் இரட்டை வளைவாக இருக்கும். சிறகுகளின் நுனி அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் உள்பக்கமாகச் சுருண்டு செம்புக்குள் இறங்கும். முதலில் பின்னை மட்டும் வைத்து, அது விழாமல் நிற்கிற அளவுக்கு ஒரு கிளிக். பிறகு ஒயரைச் செருகி முழு அமுக்கு. முதல் பத்து பின் வீணாகப் போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிடித்த டூல் எது என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என் தாத்தா நகை வேலை செய்தவர். அவருடைய சாமணம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. நுனி இரண்டும் முடி இடைவெளி கூட இல்லாமல் சேரும். ஆன்லைனில் ஐந்து சேர்ந்து ஒரு செட்டாக வருகிற ட்வீசர்களில் ஒன்றுகூட அப்படிச் சேரவில்லை, அமுக்கினால் எக்ஸ் மாதிரி குறுக்கே போகின்றன. ஒரே குறை, காந்தம் பட்டுச் சின்ன ஸ்க்ரூவெல்லாம் ஒட்டிக்கொள்கிறது.

ஈயப்புகை:

சாமணத்துக்கு ஒரு கும்பிடு.

மொட்டைமாடி தம்பி, அந்தச் சிவப்பு நிப்பரை வெளிச்சத்துக்கு நேராக, வாயை மூடிப் பிடித்துப் பாருங்கள். ஒளி கசிகிறதா?

மொட்டைமாடி:

இரண்டு இடத்தில் கசிகிறது. கேபிள் டை கிடைக்காத நாளில் பெட்டியைக் கட்டுவதற்குக் கட்டுக்கம்பி வெட்டியது அதில்தான்.

ஈயப்புகை:

நினைத்தேன். அது செம்புக்கு மட்டுமான டூல். அந்த ரகத்தில் பேர்போன ஹக்கோ சிஎச்பி-170-க்கே மென்மையான செம்புக் கம்பி, 16 கேஜ் வரை என்றுதான் வரம்பு. விளிம்பு சரிவு இல்லாமல் தட்டையாக இருப்பதால்தான் போர்டோடு ஒட்ட வெட்டுகிறது, அதனாலேயே இரும்பு பட்டால் நசுங்கிவிடும். இரும்புக்கு அப்பாவின் கட்டிங் பிளேயர் இருக்கிறதே, அது நூறு வருடம் வரும். புது நிப்பர் வாங்கினால் பிடியில் சிவப்பு டேப் சுற்றி, வீட்டில் எல்லோருக்கும் அது பூ நார் வெட்டக்கூட இல்லை என்று சொல்லிவிடுங்கள். வெட்டும்போது நறுக்கு கண்ணுக்குப் பறக்கும், ஒரு விரலை மேலே வைத்துக்கொண்டு வெட்டுங்கள்.

மொட்டைமாடி:

நிலவரம். சனிக்கிழமை வேளச்சேரியிலிருந்து ரயிலேறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு போனேன். ஸ்ட்ரிப்பரும் நிப்பரும் வாங்கினேன். கிரிம்பர் வாங்கவில்லை, நண்பனின் கல்லூரி லேபில் இரண்டு நாளைக்கு இரவல் கிடைத்தது.

தாத்தாவின் பட்டறை பத்து பின் வீணாகும் என்றார், எனக்குப் பதினான்கு. 22 துளையில் ஏழு இழையும் முழுசாக வந்தன. இழுத்துப் பார்த்தேன், நான்கும் அசையவில்லை. பெட்டியையும் பைப்பிலிருந்து கழற்றிச் சுவரில் திருகிவிட்டேன். கெபாசிட்டரும் போட்டாயிற்று, யாரும் வருத்தப்பட வேண்டாம்.

இன்று காலை மோட்டார் போட்டுவிட்டு முழு நேரமும் பக்கத்திலேயே நின்றேன். 108-இல் தொடங்கி 31 வரை ஒரு 0 கூட இல்லை. பைப்பைத் தட்டியும் பார்த்தேன், பெட்டியைத் தட்டியும் பார்த்தேன். 31-இல் பஸ்ஸர் அடித்தது. நான் ஸ்விட்சுக்கு ஓடுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "தம்பி, இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா" என்கிறார்.

கெபாசிட்டர்_காதலன்:

பஸ்ஸரோடு தொடர்ச்சியாக 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டுப் பாருங்கள். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டுதான் சொல்கிறேன்.