1968 மாடல் மேசி 35 டிராக்டர்: நாலு ஏக்கர் தோப்புக்கு வாங்கலாமா?

உடுமலை தோப்புக்காரன்

வணக்கம். உடுமலைப்பேட்டை பக்கம் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. வருஷத்துக்கு ரெண்டு மூணு உழவு, அப்புறம் தேங்காயும் எருவும் ஏற்ற டிரெய்லர், இவ்வளவுதான் வேலை. வாடகை வண்டி கேட்ட நாளில் வருவதில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் தன் மேசி பெர்குசன் 35-ஐக் கொடுக்கிறேன் என்கிறார். ஆர்சி புக்கில் 1968. ஒன்றேகால் லட்சம் சொல்கிறார், வண்டி ஓடுகிறது. சின்ன வயதிலிருந்து பார்த்த வண்டி, எனக்கு ரொம்பப் பிடிக்கும். பட்டறைச் செலவு இழுத்துக்கொண்டே போகும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். வாங்கலாமா?

பவானிக்கரை

உங்கள் வேலைக்குத் தாராளமாக வாங்கலாங்க. நானும் ஒரு 35 வைத்திருக்கிறேன், இன்றைக்கும் அதில்தான் மஞ்சள் காட்டுக்கு உழவு. இந்த வண்டியின் அருமையே அதன் எடை குறைவுதான். கலப்பையைத் தூக்கி இறக்க ஹாரி பெர்குசன் கண்டுபிடித்த லிப்ட், கலப்பையின் இழுவையை வாங்கிப் பின் சக்கரத்தின் மேல் அழுத்தமாகக் கொடுக்கும். அதனால் கனமான வண்டி இல்லாமலே மண்ணைப் பிடித்து இழுக்கிறது. 1956-இல் இங்கிலாந்தில் வந்த மாடல் இது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனி நம் ஊருக்குக் கொண்டுவந்தது. வண்டி உயரம் குறைவு, 25 அடி இடைவெளித் தோப்பில் மரத்தை உரசாமல் திரும்பும்.

இன்ஜினைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். மூணு சிலிண்டர், சுமார் இரண்டரை லிட்டர், பெர்கின்ஸ் வகை. லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் இன்றும் கிடைக்கும். நீங்கள் போகும்முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று பெரியவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படி எடுக்கிறது என்பதுதான் முக்கியம். சூடான பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் போயிருக்கிறது. சைலன்சரில் நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது.

உண்மையான செலவு லிப்ட்டில்தான் ஒளிந்திருக்கும். அதன் பம்ப் வெளியே தெரியாது. கியர்பாக்ஸும் பின் அச்சும் குளிக்கிற அதே எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கிறது. மழையில் நின்ற வண்டியில் தண்ணீர் இறங்கி எண்ணெய் வெளுத்திருந்தால் பம்ப்பும் பாதிக்கப்பட்டிருக்கும். அஞ்சு கலப்பையை மாட்டித் தூக்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடும்போதே கலப்பை இறங்கி ஏறி இறங்கி ஆடினால் உள்ளே கசிவு. நிறுத்தியதும் பொத்தென்று விழுந்தாலும் அப்படித்தான். மேல்மூடியைக் கழற்றாமல் அதைச் சரி செய்ய முடியாது.

கிளட்ச் ஒற்றையா, இரட்டையா என்றும் கேளுங்கள். ஒற்றை என்றால் கிளட்ச் மிதித்ததும் பி.டி.ஓ.வும் (பின்னால் மாட்டும் மெஷினைச் சுற்றும் தண்டு) லிப்ட்டும் சேர்ந்து நின்றுவிடும். வரப்போரம் நின்று கலப்பையைத் தூக்கும்போது இது தெரியும். வெறும் உழவுக்குப் பழகிவிடலாம்.

திண்டுக்கல் பட்டறை

அண்ணா சொன்னது சரி. நான் ஒன்று சேர்க்கிறேன். தேய்கிற சாமான் எதற்கும் மாற்று கிடைக்கும், உடைந்த வார்ப்புக்குத்தான் நாய் படாத பாடு. இன்ஜின் பிளாக், கியர்பாக்ஸ் கூடு, முன் அச்சுத் தாங்கி இவற்றில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். பெயின்ட் புதிதாக இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். பிரேக் டிரம்முக்குள் அச்சு எண்ணெய் கசிந்து ஷூ ஊறிப்போயிருப்பது இந்த வண்டியில் சாதாரணம். பின் டயர் 12.4-28, எங்கும் கிடைக்கும் அளவுதான். கட்டை தேய்ந்திருந்தால் ஜோடி டயர் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

காங்கேயம் மேடு

நான் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். பழைய வண்டியில் கவிழ்ந்தால் காப்பாற்றும் கம்பி கிடையாது. டிரெய்லரையோ வேரையோ உயரத்தில் சங்கிலி கட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கி ஓட்டுகிறவர் மேலேயே விழும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு உயிர் போயிருக்கிறது. நாலு ஏக்கருக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகையில் முன்கூட்டியே பதிவு செய்தாலே போதுமே?

உடுமலை தோப்புக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். மட்டை அரைக்கும் மெஷினை இதில் ஓட்டலாமா? இன்னொன்று, ஆர்சி புக் பெரியவரின் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது.

பவானிக்கரை

காங்கேயத்துக்காரர் சொன்னதை மனசில் வையுங்கள். எதை இழுத்தாலும் பின் அச்சுக்குக் கீழே இருக்கிற இழுவைக் கம்பியில் மட்டும் மாட்டுங்கள். வரப்பு மேட்டில் குறுக்கே ஓட்டாதீர்கள். கம்பி கூண்டு பொருத்தித் தரும் நல்ல பட்டறை கிடைத்தால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். இ-வாடகையும் நல்லதுதான். ஆனால் மழை பெய்து மண் பதமாக இருக்கிற அந்த இரண்டு நாளில் ஊரே கேட்கும். சொந்த வண்டியின் மதிப்பு அப்போதுதான் தெரியும்.

மட்டை மெஷின் ஒரே இடத்தில் நிற்பது என்றால் ஓட்டலாம், ரொம்ப பெரிய மெஷின் வேண்டாம். பி.டி.ஓ. தண்டுக்கு மூடி போடாமல் பக்கத்தில் யாரையும் விடாதீர்கள். வேட்டி, துண்டு ஆகவே ஆகாது. ஓட்டிக்கொண்டே புல் வெட்டுகிற சுழல் கருவி மாட்டினால் கதை வேறு. ஒற்றை கிளட்ச் வண்டியில் கிளட்ச் மிதித்த பிறகும் அந்தக் கத்தி சுற்றும் வேகம் தண்டு வழியாகத் திரும்பி வந்து வண்டியை முன்னே தள்ளும். மரத்தில் கொண்டுபோய் முட்டும். பின்வேகத்தை விடாத இணைப்பு ஒன்று தனியாக வாங்கி மாட்டிக்கொண்டுதான் அதைச் செய்ய வேண்டும். மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் போட்டு வாடகைக்கு ஓட்டும் யோசனை இருந்தால் இந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

ஆர்சி விஷயம்தான் விலையை விடப் பெரிது. முதலில் வாரிசுச் சான்றோடு படிவம் 31 கொடுத்துப் பெரியவர் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகு 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு. பதிவு 15 வருஷத்துக்குத்தான், அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை படிவம் 25-இல் புதுப்பிக்க வேண்டும். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். பழைய மூன்றெழுத்து நம்பர் ஆன்லைனில் ஏறாமல் இருந்தால், பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றித் தரச் சொல்லி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். அந்தக் காலத்தில் வங்கிக் கடன் போட்டிருந்தால் புக்கில் அந்தக் குறிப்பு அப்படியே கிடக்கும், அதை நீக்கப் படிவம் 35 வேண்டும். இதெல்லாம் பெரியவர் பெயருக்கு முடிகிற வரை சின்ன முன்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். வண்டியைப் பார்க்கப் போகும்போது சொல்லுங்கள், லிப்ட்டைச் சோதிக்க நானே வருகிறேன்.